சாவியை விட்டதும் நின்றுபோகும் சாலஞ்சர்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மிச்சிகனில் குளிர்காலம் தொடங்கியதும் சாலைகளில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். அந்த உப்புத் தண்ணீரைப் பழைய தகடு தாங்காது. அதனால் எங்கள் கார்கள் நவம்பருக்குள் கராஜுக்குப் போய்விடும். ஏப்ரலில் நல்ல மழை ஒன்று சாலையைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். ஐந்து மாதம் தூங்கி எழுகிற வண்டியில் வரும் கோளாறுகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதேதான். அவற்றை மறுபடி மறுபடி சரிசெய்து பழகியதில் கிடைத்த வரிசை இது.

என்னிடம் இருப்பது 1970 டாட்ஜ் சாலஞ்சர் ஆர்/டி. 383 கன அங்குல வி-8 இன்ஜின், 727 டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சனிக்கிழமை காலைகளில் என் கராஜில் இன்னும் நான்கு பேர் கூடுவோம். ஒருவரிடம் 1968 சார்ஜர், ஒருவரிடம் பிளிமத் ரோடு ரன்னர், தஞ்சாவூர்க்கார நண்பரிடம் 318 இன்ஜின் பொருத்திய பாரகுடா. நான்காமவர் பெரியவர்; இந்த வகைக் கார்களில் பல உருவான ஹாம்ட்ராமிக் நகரத்து டாட்ஜ் மெயின் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அவர் காதுக்குத் தெரியாத சத்தம் இந்த இன்ஜினில் கிடையாது. கீழே இருப்பதில் பாதிக்கு மேல் அவர் கற்றுக்கொடுத்தது.

பாயின்ட் இக்னிஷனும் (திறந்து மூடும் சிறு தொடுமுனைகளால் தீப்பொறியை உண்டாக்கும் பழைய முறை) கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள கிரைஸ்லர் வண்டிகளுக்காக எழுதுகிறேன்; டாட்ஜ், பிளிமத் இரண்டும் அந்த நிறுவனத்தின் வண்டிகள்தான். மஸ்டாங், கமேரோ போன்ற பிற நிறுவனக் கார்கள் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வரிசை பொருந்தும். பாகங்களும் அவை இருக்கும் இடமும் மாறும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக இந்த வண்டியில் எதைத் தொட்டோம்? புதுப்பித்த காரில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி நாம் வேலை செய்த இடத்திலேயே பிறந்தவை. அழகாகப் பெயின்ட் அடித்தோம், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் உலோகப் பாதை) போக வேண்டிய இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டோம். புதுக் கார்புரேட்டர் போட்டோம், அதோடு சேர வேண்டிய ஒரு கம்பியை மாட்டவில்லை. பாகம் வாங்க ஓடுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு ஒயர், தொடாமலே சூடு அளக்கும் வெப்பமானி, தீயணைப்பான். கடைசியாகச் சொன்னது இல்லாமல் பெட்ரோல் வேலையைத் தொடாதீர்கள்.

## சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு என்ன செய்கிறது என்பதுதான் வழிகாட்டி.

விளக்கு அணைந்துபோகிறது, அல்லது மிகவும் மங்குகிறது. பேட்டரி முனைகளைக் கழற்றிப் பளபளப்பாகத் தேய்த்து மாட்டுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்து மீண்டும் பாருங்கள். அப்படியும் மங்கினால் எர்த்தைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத ஒரு இன்ஜின் போல்ட்டிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற பட்டையையும் அவிழ்த்து, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரிய இறுக்குங்கள். என் வண்டியில் முதல் ஆண்டு மூன்று முறை பேட்டரியைக் குறை சொன்னேன். குறை அந்தப் பட்டைக்கு அடியில் இருந்த ஆரஞ்சுப் பெயின்ட்.

விளக்கு மங்காமல் அப்படியே எரிகிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்புங்கள். சுற்றினால் கியர் லிங்கேஜ் சற்று விலகியிருக்கிறது, அல்லது கியர்பாக்ஸின் இடது பக்கம் திருகியிருக்கும் நியூட்ரல் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. அந்தச் சுவிட்ச்தான் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு எர்த் கொடுக்கிறது. அதன் ஒயர் கழன்று தொங்குகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

நியூட்ரலிலும் சுற்றவில்லை என்றால் ரிலேவை மாற்றிப் பாருங்கள்; விலை குறைவு. ஸ்டார்ட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. அது சுற்றும்போது பற்கள் உரசிக் கிறீச்சிட்டால் அடுத்த முறை முயலவே வேண்டாம். ஃபிளைவீல் பக்கத்துப் பல் சக்கரம் சேதமானால் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டிவரும். அது லிஃப்ட் உள்ள பட்டறையின் வேலை.

## சாவியைத் திருப்பியிருக்கும்வரை இன்ஜின் பற்றுகிறது, விட்ட உடனே நின்றுவிடுகிறது

எங்கள் குழுவில் அதிகம் பார்த்த பழுது இதுதான். புதிதாக வாங்கியவர்கள் அதிகம் பணம் இழப்பதும் இதில்தான். ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பெட்ரோல் பம்பை மாற்றி, அதன்பிறகு எங்களிடம் வந்தார். பதினைந்து டாலருக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

இன்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டி திருகியிருக்கும். அதன் முதுகில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் சுருள் கம்பி. பெயர் பேலஸ்ட் ரெசிஸ்டர். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது தீப்பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் இதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிறது. சாவியை விட்டு ரன் நிலைக்கு வந்ததும் இதன் வழியாகப் போகிறது. உள்ளே சுருள் அறுந்திருந்தால் ஸ்டார்ட்டில் பற்றும், ரன்னில் அணையும். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

சோதிக்கும் முறை: சாவி ரன்னில், இன்ஜின் ஓடாமல். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டுங்கள். பீங்கான் கட்டியின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

நீல ஒயர் முனையில் எரிகிறது, காயில் பக்கத்து முனையில் எரியவில்லை. ரெசிஸ்டர் போய்விட்டது. மாற்றுங்கள். கழற்றியதைக் கையில் வைத்துப் பள்ளத்தைப் பார்த்தால் அறுந்த இடம் கருத்துத் தெரியும். வெளியில் எந்தக் குறையும் தெரியாமலும் இருக்கும். மல்டிமீட்டரில் ஒரு ஓம் அளவுக்குக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

இரண்டு முனையிலும் எரியவில்லை. ரெசிஸ்டர் மேல் பழி இல்லை. மின்சாரம் அதுவரை வந்துசேரவே இல்லை. தடுப்புத் தகட்டில் உள்ள பெரிய ஒயர் கனெக்டரில் நீல ஒயரின் பின்னைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள இக்னிஷன் சுவிட்சின் கனெக்டரைப் பாருங்கள். 1970இல் சாவித் துவாரம் ஸ்டியரிங் தண்டுக்கு மாறியது. அதற்கு முந்திய வண்டிகளில் சுவிட்ச் டாஷ்போர்டில் இருக்கும்.

இரண்டிலும் எரிகிறது, ஆனாலும் நிற்கிறது. மின்சாரம் சரி. கார்புரேட்டரின் ஐடிலிங் பகுதியில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜினை ஓட வைக்கும் பகுதி) அடைப்பு, அல்லது வேக்குவம் குழாய் ஒன்று கழன்றிருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே சாவியை விட்டால் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் தேட வேண்டிய இடம் கார்புரேட்டர்.

நடுவழியில் ரெசிஸ்டர் போனால் கிளிப் ஒயரால் அதன் இரு முனைகளையும் இணைத்து வீட்டுக்கு வரலாம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டினால் பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும். நாங்கள் ஐவருமே கையுறைப் பெட்டியில் ஒரு புது ரெசிஸ்டர் வைத்திருக்கிறோம். மாற்றும்போது அவசரப்பட்டுத் தொடாதீர்கள். ஓடிய வண்டியில் அது கைபொசுக்கும் சூட்டில் இருக்கும். அந்தச் சூடு பழுதின் அடையாளம் இல்லை, அதன் இயல்பு.

## ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றவே இல்லை

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி, ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். இரண்டு மெல்லிய பெட்ரோல் தாரைகள் பாய வேண்டும்.

தாரை வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம் குளிர்காலத்தில் காய்ந்திருக்கும். சிறு புட்டியால் அந்தக் கிண்ணத்தின் காற்றுக்குழாய் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு முயலுங்கள். பற்றி ஓடி மறுபடி நின்றால் பம்ப் வரை பெட்ரோல் வரவில்லை. டேங்க் பக்கத்து ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் உள்ளே காற்றை மட்டும் உறிஞ்சும். முதலில் அதை மாற்றுங்கள். பிறகு ஃபில்டர், பிறகு பம்ப். 383, 440 இன்ஜின்களில் பம்பை இயக்குவது ஒரு சிறு தள்ளுதண்டு. அதன் முனை தேய்ந்து நீளம் குறைந்தால் புதுப் பம்பும் வேலை செய்யாது. பம்பை மாற்றும்போதே தண்டையும் வெளியே எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 318, 340 இன்ஜின்களில் இந்தத் தண்டு கிடையாது.

தாரை வருகிறது. அப்படியானால் தீப்பொறியைத் தேடுங்கள். காயிலிலிருந்து, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, எர்த்துக்கு அரை சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் திறந்த பெட்ரோல் எதுவும் இருக்கக் கூடாது. நீலமாக, பட்பட்டென்று பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக, சோர்வாக இருந்தாலோ வராவிட்டாலோ பாயின்டைத் திறந்து பாருங்கள். ஐந்து மாத ஈரத்தில் பாயின்ட் முகத்தில் படலம் படிந்திருக்கும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இரண்டு முறை இழுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மணல் துகள் நடுவில் தங்கிவிடும். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் இருந்தால் 30 டிகிரி அருகே. அடுத்தது பாயின்ட் கருகாமல் காக்கும் கன்டென்சர். புதிதாக வாங்கியது என்பதால் அதை நம்பிவிடாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கன்டென்சர் இரண்டு எங்களிடம் முதல் நாளே போயிருக்கின்றன. பழைய நல்ல கன்டென்சரை நாங்கள் தூக்கி எறிவதில்லை.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் பற்றாமல், கார்புரேட்டர் வழியாக டப்பென்று வெடித்தால் பிளக் ஒயர்களின் வரிசை தவறியிருக்கிறது. வரிசை 1-8-4-3-6-5-7-2. 383இல் டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், 318இல் வலஞ்சுழியாக. பாரகுடா நண்பர் என் வண்டியைப் பார்த்து ஒயர் மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தார். வரிசை சரியாக இருந்தும் சுமையில் திக்கினால் 5, 7ஆம் ஒயர்களைப் பிரித்து வையுங்கள். அந்த இரண்டு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, அடுத்தடுத்துப் பற்றுபவை. ஒயர்கள் ஒட்டி ஓடினால் ஒன்றின் பொறி மற்றதுக்குத் தாவும்.

வரிசையும் சரி, டைமிங் (பொறி பறக்கும் நேரம்) மட்டும் எப்படி வைத்தாலும் நிற்கவில்லை என்றால் டைமிங் செயின் தாண்டியிருக்கலாம். அதைத் திறந்து பழக்கம் இல்லாதவர் பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது.

## குளிர்ந்திருக்கும்போது ஓடுகிறது, சூடான பிறகு நின்றால் மறுபடி எடுக்கவில்லை

பெட்ரோல் போட நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். இன்றைய பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் இருப்பதால் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். இடையில் அடித்து அடித்து மிதிக்காதீர்கள். எடுத்துவிட்டால், பெட்ரோல் குழாய் இன்ஜினை ஒட்டி ஓடும் இடங்களை விலக்குங்கள், கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான காப்பு கேஸ்கட் வையுங்கள். பல கிரைஸ்லர் வண்டிகளில் ஃபில்டரிலிருந்து ஆவியை டேங்குக்குத் திருப்பி அனுப்ப மூன்றாவதாக ஒரு முனை இருந்தது. யாரோ ஒருவர் சாதாரண ஃபில்டர் போட்டு அந்தக் குழாயை அடைத்திருப்பார், பழையபடி மாற்றுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடுகிறதா? மூடி தவறானது. காற்று போக வழியில்லாத மூடியைப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டும் இல்லை என்றால் சூட்டில் காயில் சோர்ந்துபோகிறது. நின்றுபோன அந்த நிமிடத்திலேயே பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

## அம்மீட்டர் முள் துடிக்கிறது, விளக்கு மங்குகிறது, கருகிய வாடை வருகிறது

வாடை வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிய பிறகே மற்றவை. இந்த ஒரு பிரிவில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். நான் நேரில் பார்த்த ஒரு கார் இந்தக் காரணத்தால்தான் டாஷ்போர்டு வரை எரிந்தது.

இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர் உண்டாக்குகிற மின்சாரம் தடுப்புத் தகட்டில் உள்ள கனெக்டர் வழியாக உள்ளே வந்து, டாஷ்போர்டு அம்மீட்டர் வழியாகப் போய், அதே கனெக்டர் வழியாக வெளியே பேட்டரிக்குத் திரும்புகிறது. வண்டி புதிதாக இருந்தபோது அது போதுமானதாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்துக் கனெக்டரின் பின்கள் பாசிபிடித்துத் தளர்ந்திருக்கும். அதன்மேல் நாம் பெரிய ஆல்டர்னேட்டர், மின்விசிறி, பாட்டுப்பெட்டி என்று ஏற்றியிருப்போம். தளர்ந்த பின் சூடாகும். சூட்டில் இன்னும் தளரும்.

முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. அரை மணி நேரம் விளக்கு எரிய ஓட்டிவிட்டு வந்து கனெக்டரின் மேல் கைவையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலே அவிழ்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பின், கனெக்டரின் இரு பக்கக் கொக்கிகளை மெதுவாக அமுக்கி இழுங்கள். பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் போல உடையும். தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்களின் பின்களைப் பாருங்கள். பச்சைப்பாசி மட்டும் என்றால் சுத்தம் செய்து, பின்னைச் சற்று நெருக்கி, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி மாட்டலாம். பழுப்பாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் புதுப் பின்னும் புது ஒயரும் வேண்டும். அம்மீட்டரின் பின்புற நட்டுகளும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்து ஆல்டர்னேட்டர் அளவு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கட்டும். தாறுமாறாக ஏறி இறங்கினால் ரெகுலேட்டரைக் கழற்றி அதன் அடியில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். அதற்கும் எர்த் உடம்பு வழியாகத்தான். 15க்கு மேல் போய்ப் பேட்டரி அழுகிய முட்டை வாடை வீசினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

ஸ்டார்ட்டர் ரிலே பக்கம் இருக்கும் ஃபியூஸ் ஒயர் போயிருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸ் ஒயரைத்தான் போட வேண்டும். சாதாரண ஒயரை முறுக்கி ஓட்டினால் அடுத்த முறை உருகுவது ஒயர்க்கட்டு முழுவதும். கனெக்டர் உருகியிருப்பதைக் கண்டால், பழைய வண்டி ஒயரிங் தெரிந்த மின்பணியாளரை அழையுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த நேர் ஒயர் ஒன்றை, ஃபியூஸ் ஒயரோடு சேர்த்து ஓட்டுவது அவருக்கு அரைநாள் வேலை. நாங்கள் ஐவரும் செய்துகொண்டோம். அம்மீட்டர் முன்போல் ஆடாது. எனக்கு அதில் வருத்தமில்லை.

## சூடு ஏறுகிறது

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறினால் இன்ஜினில் குறையில்லை. இரண்டு மீட்டருக்கும் பொதுவான சின்ன வோல்டேஜ் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டிருக்கிறது. உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீட்டர்களும் எரியும். வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் காட்டினால் உண்மையான சூடு தெரிந்துவிடும்.

நெரிசலில் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் இறங்குகிறது. காற்று போதவில்லை. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே இருக்க வேண்டிய உறையைப் பலர் எஞ்சின் அழகாகத் தெரியட்டும் என்று கழற்றிவிடுகிறார்கள். திரும்பப் பொருத்துங்கள். விசிறி கிளட்சைச் சோதிக்க, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுண்டுங்கள். இரண்டு மூன்று சுற்று சுதந்திரமாக ஓடினால் கிளட்ச் செத்துவிட்டது. டைமிங் பின்தங்கியிருந்தாலும், டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் குழாய் கழன்றிருந்தாலும் ஐடிலிங்கில் சூடு ஏறும். டெட்ராய்ட் பகுதியின் வுட்வர்ட் அவென்யூவில் 1995இல் தொடங்கிய டிரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் அணிவகுப்பு, ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிறது. அந்த வெயிலில் மணிக்கணக்கில் ஊர்ந்து போகும் வரிசையில் ஓரத்தில் மூடி திறந்து நிற்கும் வண்டிகளில் பாதிக்கு இந்த உறைதான் இல்லை.

நெடுஞ்சாலையில் ஏறுகிறது. தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் மூடி 16 பவுண்டு அழுத்தம் தாங்குகிறதா, தெர்மோஸ்டாட்டின் சுருள் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரை இன்ஜினை முறுக்கச் சொல்லிவிட்டு அடி ரப்பர் குழாயைக் கவனியுங்கள். உறிஞ்சலில் அது தட்டையாக ஒடுங்கினால் உள்ளே சுருள் கம்பி இல்லை. பிறகு ரேடியேட்டர் முகத்தில் வெப்பமானியை ஓட்டுங்கள். திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அடைப்பு. ரேடியேட்டர் கடைக்காரர் கழற்றிச் சுத்தம் செய்வார்.

சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ஆறிய பின் திறந்து, ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கட். இன்ஜினை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

## டிக் டிக் சத்தம்

ஆயில் அளவு பாருங்கள். அடுத்து அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைச் சத்தம் வரும் பக்கமெல்லாம் நகர்த்துங்கள். பெரியவர் இதைச் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். கராஜே பேச்சை நிறுத்திவிடும்.

குளிரில் கேட்டுச் சூட்டில் மறைந்தால் புகைக்குழாய் கேஸ்கட் கசிவு. பெரும்பாலும் கடைசி ஸ்டட் உடைந்திருக்கும். பம்ப் பக்கத்தில் பலமாகக் கேட்டால் முன்பு சொன்ன தள்ளுதண்டு. வால்வு மூடியில் கேட்டால் வால்வைத் தள்ளும் லிஃப்டர். ஆயிலை மாற்றி அரை மணி ஓட்டிப் பாருங்கள்.

சத்தத்தோடு கார்புரேட்டர் வழியாக அவ்வப்போது துப்பினால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் ஒரு மேடு தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்த இன்ஜின்களின் தட்டையான லிஃப்டருக்குத் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு. ஆயில் ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளித் தூள் போல மின்னினால் இன்ஜினை இனி ஓட்டவே கூடாது. அந்தத் தூள் பேரிங் எல்லாவற்றுக்கும் போகிறது. மெஷின் ஷாப்தான் வழி. புதுக் கேம் போட்டு முதன்முறை எடுத்ததும் ஐடிலிங்கில் விடாமல் 2000 முதல் 2500 சுற்றில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும்.

## கியர் போட்டால் நகரத் தாமதம், அல்லது கியர் சீக்கிரம் மாறி வழுக்குகிறது

பல வாரம் நின்ற 727 கியர்பாக்ஸில், இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் கன்வெர்ட்டரின் ஆயில் கீழே வடிந்துவிடும். அப்போது டிப்ஸ்டிக் அளவு மிக அதிகமாகக் காட்டும், தரையிலும் கொஞ்சம் ஒழுகியிருக்கும். பயந்துபோய் ஆயிலை இறக்காதீர்கள். இந்தப் பழைய கியர்பாக்ஸ்களில் பார்க்கில் கன்வெர்ட்டர் நிரம்பாது. ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் ஒரு நிமிடம் விடுங்கள். அளவு பார்ப்பதும் சூடான இன்ஜின் ஓடும்போது நியூட்ரலில்தான்.

சீக்கிரம் மாறி வழுக்கினால் உடனே கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து நகர்ந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி ஒன்று உண்டு. கார்புரேட்டர் மாற்றியவர்கள் இதை மாட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. இது இல்லாமல் ஓட்டினால் கியர்பாக்ஸுக்குள் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் எரிந்துவிடும். ஆயிலை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடையும் பழுப்பு நிறமும் இருந்தால் கியர்பாக்ஸ் நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

## பிரேக்

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. 1970 வரை வந்த பல கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஸ்டட்டின் முனையில் எல் எழுத்து பொறித்திருக்கும். வழக்கமான பக்கம் திருகினால் இறுகிக்கொண்டே போய் ஸ்டட் முறியும். டயர் கடையில் விடும்போது அங்குள்ளவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். சொன்னால் மட்டும் போதாது.

மிதித்தால் மெத்தென்று இருந்தால் காற்று. பிரேக் ஆயில் அளவு பார்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர். ஒரு பக்கம் இழுத்தால் டிரம்மின் நட்சத்திரச் சக்கரத்தில் இரு பக்கமும் சமமாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். பிறகு வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே இருந்தால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இரும்புக் குழாய்களில் துரு செதிலாக எழும்பியிருந்தால் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். எல்லாக் குழாயையும் மாற்றப் பிரேக் பட்டறையிடம் விடுங்கள். அதுவரை வண்டி கராஜைவிட்டு வெளியே வரக் கூடாது.

## பயணி பக்கத்துத் தரை ஈரமாக இருக்கிறது

ஈரத்தை விரலில் தொடுங்கள். பிசுபிசுப்பும் இனித்த வாடையும் இருந்தால் ஹீட்டர் உள்ளே கசிகிறது. வெறும் தண்ணீர் என்றால் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றறையில் துரு ஓட்டை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ளட்டும், மற்றவர் கண்ணாடிக்கு அடியில் உள்ள சல்லடையில் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடட்டும். முதலில் எந்த இடத்தில் சொட்டுகிறது என்று சாக்பீஸால் குறியிடுங்கள்.

பிறகு கம்பளத்தைத் தூக்கி, வண்டிக்கு அடியில் போய், முன்பக்கச் சட்டத்தையும் டார்ஷன் பாரை (முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமாக, பொதபொதவென்று கேட்கும் இடத்தில் முன்பு யாரோ பூசிய பட்டி மறைந்திருக்கிறது. முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பாரின் முறுக்கு விசை அந்தக் குறுக்குச் சட்டத்தில் இறங்குகிறது. அங்கே துரு இருந்தால் வீட்டு வெல்டிங் மெஷினை எடுக்காதீர்கள். வண்டியின் அளவு கோணாமல் பிடித்து நிறுத்தும் மேடை உள்ள டிங்கரிங் பட்டறைதான் அதைச் செய்ய வேண்டும். அது முடிந்து, மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு நாள் முழுக்கத் தரை உலர்ந்திருந்த பிறகு கம்பளத்தை ஒட்டுங்கள்.